வளையத்துக்கு முதுகு காட்டினால் ஐந்து செக்கன்: என்.பி.ஏ. வழியா, ஃபீபா வழியா?

யாழ்ப்பாணத்தில் பின்னேரங்களில் பழைய மாணவர்கள் சேர்ந்து கூடைப்பந்து ஆடும் இடங்களில் இந்த வாக்குவாதம் வரும். உயரமும் உடம்பும் உள்ள ஒருவர் வளையத்துக்கு முதுகைக் காட்டி, பந்தைத் தட்டித் தட்டி, பின்னால் நிற்பவரை அழுத்திக்கொண்டே உள்ளே போவார். "அண்ணை, ஐந்து செக்கன் முடிஞ்சுது, பந்தைத் தாங்கோ" என்று ஒருவர் கத்துவார். "அது என்.பி.ஏ. விதி, இங்கே செல்லாது" என்று மற்றவர் சொல்வார்.

என்.பி.ஏ. என்பது அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக். சட்டப்படி இரண்டாமவர் சொல்வதுதான் சரி. எங்கள் பாடசாலைப் போட்டிகளும் கழகப் போட்டிகளும் சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் (FIBA) விதிகளில் நடப்பவை. அதில் இப்படியொரு தடை கிடையாது. ஆனால் எது நல்ல விதி என்பது வேறு கேள்வி.

முதலில் என்.பி.ஏ. வழி. ஃப்ரீ த்ரோ கோட்டை, அதாவது தவறுக்குப் பிறகு தடையின்றி எறிய நிற்கும் கோட்டை, இரு பக்கமும் நீட்டிப் பாருங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே, முதுகையோ பக்கவாட்டையோ வளையத்துக்குக் காட்டியபடி ஐந்து செக்கனுக்கு மேல் பந்தைத் தட்டக்கூடாது. தட்டினால் பந்து எதிரணிக்கு. பந்தைக் கையில் எடுத்தாலோ, கோட்டுக்கு மேலே வந்தாலோ, தடுப்பவர் பந்தைத் தட்டிவிட்டாலோ எண்ணிக்கை நின்றுவிடும். 1999-2000 பருவத்தில் வந்த விதி இது. சார்ள்ஸ் பார்க்லியின் பெயரால் இதைச் சொல்வார்கள், சிலர் மார்க் ஜக்சனின் பெயரால் சொல்வார்கள். பார்க்லி பாரமான உடம்பால் பின்னேறியவர். ஜக்சன் பந்தைக் கொண்டுவரும் கார்ட், தன்னைவிடச் சிறிய கார்ட்களிடம் இதே வேலையைச் செய்தவர்.

ஏன் அந்த நேரத்தில் வந்தது? இதைத் தெரிந்துகொள்ளாமல் விதியை எடைபோட முடியாது. அப்போது என்.பி.ஏ.யில் சோன் தடுப்பு, அதாவது ஆளைப் பின்தொடராமல் ஓர் இடத்தைக் காத்து நிற்பது, சட்டவிரோதம். ஒவ்வொரு தடுப்பாளரும் தன் ஆளோடு போயாக வேண்டும். ஆகவே பலசாலி ஒருவரிடம் பந்தைக் கொடுத்துவிட்டு மற்ற நால்வரும் மறுபக்கம் போய் நின்றால், அவர்களைத் தடுக்க வேண்டிய நால்வரும் கூடவே இழுபட்டுப் போவார்கள். மிஞ்சுவது ஒருவருக்கு ஒருவர். அவர் பத்துப் பன்னிரண்டு செக்கன் பின்னேறுவார், எட்டுப் பேர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். 1998-99 பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுத்த சராசரிப் புள்ளிகள் 91.6 தான். இரசிகர்கள் சலித்ததில் வியப்பில்லை.

ஆக, அந்தச் சலிப்பை உண்டாக்கியதில் பெரும் பங்கு சோன் தடைக்கு. முதுகு காட்டி ஆடியவர் அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டார், அவ்வளவுதான். 2001-02 பருவத்தில் சோன் தடை நீங்கியது. இன்று ஒருவர் பின்னேறத் தொடங்கிய கணமே இரண்டாவது தடுப்பாளர் ஓடிவந்து மறிக்கலாம். ஐந்து செக்கன் விதி மட்டும் இன்னும் இருக்கிறது.

விதியை வைத்திருக்கச் சொல்பவர்களிடம் ஒரு வலுவான வாதம் உண்டு. என்.பி.ஏ.யில் யாரையும் நேரடியாகத் தடுக்காத ஒருவர் வளையத்தடிப் பகுதியில் மூன்று செக்கனுக்கு மேல் நிற்க முடியாது. அதனால் உதவிக்கு வருபவர் எப்போதும் ஒரு எட்டுத் தள்ளியே நிற்கிறார். இது உண்மைதான். ஆனால் ஃப்ரீ த்ரோ கோட்டுக்குக் கீழே, வளையத்தடி நீங்கலாக, முதுகு காட்டி நிற்பவர்மேல் முன்கையை வைத்துத் தாங்கிக்கொள்ள அதே விதிநூல் தடுப்பவருக்கு இடம் கொடுக்கிறது. எனக்கு அதுவே போதும் என்று படுகிறது.

ஃபீபா வழி எளிமையானது. தடுப்பாளருக்கு மூன்று செக்கன் கட்டுப்பாடே கிடையாது, உயரமான ஒருவர் வளையத்தடியிலேயே காவல் நிற்கலாம். தாக்கும் அணிக்கு மட்டும் 4.9 மீற்றர் அகலப் பகுதிக்குள் மூன்று செக்கன் எல்லை. பந்தைக் கையில் பிடித்தபடி நிற்பவரை ஒரு மீற்றருக்குள் நெருங்கித் தடுத்தால் ஐந்து செக்கனுக்குள் அவர் ஏதாவது செய்ய வேண்டும். இவற்றுக்கு மேலே 24 செக்கன் கடிகாரம், அதற்குள் அணி வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். முதுகு காட்டி மெதுவாக ஆட விரும்புபவர் தாராளமாக ஆடலாம், விலையை அவர் அணியே கொடுக்கும்.

மூன்றாவது வழியொன்றும் உண்டு. நெருங்கித் தடுக்கப்படுபவர் எந்தப் பக்கம் பார்த்துத் தட்டினாலும் ஐந்து செக்கன் எண்ணுவது. அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் இது இருந்தது, 2015-16 இல் எடுத்துவிட்டார்கள்.

என் தெரிவு ஃபீபா வழி. காரணம் எங்கள் பிள்ளைகள். சம்பத்திரிசியாரிலோ வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியிலோ உயரமாக வளரும் ஒரு பையனுக்கு முதுகு காட்டி ஆடுவது முழுக் கலை. பின்னால் நிற்பவரின் பாரத்தை உணர்வது, எந்தத் தோளால் திரும்புவது, இரண்டாமவர் வந்ததும் காலியாக நிற்பவருக்குப் பந்தைக் கொடுப்பது என்று எத்தனையோ. என்.பி.ஏ.யில் ஆடும் சேர்பியர் நிக்கோலா யோக்கிச் செய்வதைப் பாருங்கள். ஐரோப்பாவில் இந்தத் தடையின்றி விளையாடி வளர்ந்தவர் அவர். வலைப்பந்தாட்டத்தில் புன்னாலைக்கட்டுவன் தர்ஜினி சிவலிங்கம் வளையத்தடியில் நின்றே 2019 உலகக் கிண்ணத்தில் எல்லோரையும்விட அதிக கோல்கள் போட்டார். உயரத்தை ஓர் அநியாயமாகப் பார்க்கும் விதி அங்கே இருந்திருந்தால் எங்களுக்கு என்ன நட்டம் என்று யோசியுங்கள்.

சரி, 24 செக்கன் கடிகாரம் இல்லாத திடலில் என்ன செய்வது? அங்கே கத்துபவரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கடிகாரம் இல்லாவிட்டால் ஃபீபா வழியின் பாதிக் காவல் போய்விடுகிறது. அதற்கு ஐந்து செக்கன் விதியை இரவல் வாங்குவதைவிட, கோட்டுக்கு வெளியே ஒருவர் கைபேசியில் நேரம் பார்த்து, கடைசி ஐந்தைச் சத்தமாக எண்ணிச் சொல்லட்டும். பந்து வளையத்தில் பட்டுத் தாக்கும் அணிக்கே திரும்பினால் 14 இலிருந்து தொடங்கட்டும்.

இன்னொன்றும் நடுவர்கள் பார்க்க வேண்டும். தோளை இறக்கி, முறையாக நிற்பவரை இடித்து இடம்பெயர்ப்பது ஃபீபா விதியில் இப்போதே தாக்குபவரின் தவறு. "தள்ளுறார்" என்று வரும் முறைப்பாடுகளில் பல இதைப் பற்றியவைதான். பதினைந்து வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களில், உடம்பு வித்தியாசம் மிக அதிகமாக இருக்கும்போது, இந்த விசிலை முதல் ஐந்து நிமிடத்திலேயே ஊதிவிடுங்கள். பெரிய பையன் அன்றைக்கே காலை நகர்த்தித் திரும்பப் பழகத் தொடங்குவான்.