அசல் ஜூலி என்று நம்பி 5,590 ராண்ட் இழந்தேன்: கோரிடோராஸ் வாங்குவோர் கவனத்திற்கு

சென்ற வியாழக்கிழமை இதே நேரத்தில்தான், கோரிடோராஸ் எனப்படும் சிறு தொட்டிக் கெளுத்தி மீன்களுக்காக, 5,590 ராண்டை முன்பின் தெரியாத ஒருவருடைய வங்கிக் கணக்கிற்கு என் கையாலேயே அனுப்பினேன். ஒரு வாரம் ஆகியும் கோபம் அடங்கவில்லை. எங்கேனும் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விற்றவரின் பெயரையோ விளம்பரம் வந்த தளத்தின் பெயரையோ நான் எழுதப் போவதில்லை. பழைய சோபாவிலிருந்து நாய்க்குட்டி வரை கைமாறும் இலவச விளம்பரத் தளம் ஒன்று, அதில் ஜோகன்னஸ்பர்க் பக்கத்திலிருந்து வீட்டிலேயே மீன் வைத்து விற்கும் ஒருவர் என்ற அளவில் தெரிந்துகொண்டால் போதும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் என் வீட்டுக் கூடத்தில் நான்கடித் தொட்டி ஒன்று இருக்கிறது; ஏறக்குறைய 240 லிட்டர் கொள்ளும். கோரிடோராஸ் கெளுத்திகளுக்காகவே அதிலிருந்த கூரான சரளையை அள்ளிவிட்டு நுண்மணல் பரப்பினேன். அவை மணலுக்குள் முகத்தைப் புதைத்து, வாயில் அள்ளிய மணலைச் செவுள் வழியாக உதிர்த்து இரை தேடுபவை. பிறகு மீனே இல்லாமல் ஆறு வாரம் ஃபில்டரை ஓட்டி, மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை காத்திருந்தேன். ஒரே தொட்டியில் மூன்று கோரிடோராஸ் (சுருக்கமாகக் 'கோரி') இனங்களை வைக்க வேண்டும் என்பது பல நாள் ஆசை. எங்கள் ஊர்க் கோடையில் தொட்டி நீர் 28 டிகிரியைத் தொட்டுவிடும் என்பதால் குளிர்ந்த நீரை விரும்பும் பாண்டா கோரியை விட்டுவிட்டு, வெப்பம் தாங்கும் ஸ்டெர்பாயைத் தேர்ந்தெடுத்தேன். வளர்ந்தாலும் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டரே இருக்கும், மற்ற கோரிகளைப் போல அடியிலேயே கிடக்காமல் நடு நீரில் கூட்டமாக மிதக்கும் பிக்மியஸ் இரண்டாவது. மூன்றாவது, கடைக்குக் கடை பெயர்ப் பலகையில் மட்டும் இருந்து தொட்டியில் ஒருபோதும் இல்லாத ஜூலி.

விளம்பரத்தில் 'காட்டிலிருந்து பிடித்த அசல் ஜூலி, ஒன்று 320 ராண்ட்' என்று இருந்தது. படத்தில் இருந்ததும் அசல் ஜூலிதான். தொலைபேசியில் அழைத்தேன். அவர் எடுத்ததும், என் பெயரைக் கேட்டதும், "வணக்கம் அண்ணா, நல்லா இருக்கீங்களா?" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தின் வலிமை இந்த நாட்டில் வாழும் தமிழர்களுக்கு மட்டுமே முழுதாகப் புரியும். பெயர் தமிழாக இருக்கும், ஆண்டுதோறும் தவறாமல் காவடி எடுப்பார், ஆனால் தமிழில் நாலு வார்த்தை பேசச் சொன்னால் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்திற்கு நழுவிவிடுவார்; அப்படிப்பட்டவர்கள் நடுவிலேயே வாழ்ந்து பழகிய எனக்கு, எதிர்முனையில் என் பாட்டியின் உச்சரிப்பில் ஒருவர் பேசியதும் மனம் இளகிவிட்டது. அவருடைய கொள்ளுத்தாத்தாவும் நேட்டாலில் கரும்பு வெட்ட வந்தவராம். ஐந்து நிமிடத்தில் மீனை மறந்து குடும்பக் கதை பேசிக்கொண்டிருந்தோம். மீன்களை இன்று எடுத்த படமாக அனுப்பச் சொல்ல வேண்டும் என்று காகிதத்தில் எழுதியே வைத்திருந்தேன், கேட்கவில்லை. கேட்டால் அவரைச் சந்தேகிப்பதாக ஆகிவிடுமே என்று கூச்சப்பட்டேன். "பிரிட்டோரியாவிலிருந்து இன்னொருத்தர் கேட்கிறார் அண்ணா, உங்களுக்காகத்தான் பிடிச்சு வச்சிருக்கேன்" என்றார். ஜூலி எட்டு, ஸ்டெர்பாய் ஆறு, பிக்மியஸ் பத்து, பெட்டிக்கும் கூரியருக்கும் 450, ஆக மொத்தம் 5,590 ராண்ட். அன்று மாலையே அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை அனுப்புவதாகச் சொன்னவர் வெள்ளிக்கிழமையே பெட்டியைக் கூரியரில் போட்டுவிட்டார். சனி, ஞாயிறு விநியோகம் கிடையாது. ஜூலை மாதத்து ஜோகன்னஸ்பர்க் இரவுக் குளிரில் பெட்டி ஏதோ ஒரு கிடங்கில் கிடந்து, திங்கட்கிழமை பிற்பகல் என் வாசலுக்கு வந்தது. தெர்மோகோல் பெட்டிதான், உள்ளே சூட்டுப் பொட்டலம் ஒன்றுகூட இல்லை. பை நீரில் வெப்பமானியை வைத்தேன், 15 டிகிரி.

ஆறு ஸ்டெர்பாயும் ஒரே மெல்லிய பையில் இருந்தன. நீர் பால்போலக் கலங்கி, மேலே நுரை கட்டியிருந்தது. கோரிடோராஸின் பக்கத் துடுப்பு முள்ளின் அடியில் நச்சுச் சுரப்பி உண்டு; மிரண்டால் அதை வெளியிடும், குறுகிய பையில் அதுவே அதற்கு எமனாகும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஓரிரு நாள் இரை போடாமல் வைத்து, முதலில் வாளியில் விட்டு நீரை மாற்றிய பிறகே, மீனுக்கு ஒரு பை என்று கட்டுவார்கள். நான்கு ஸ்டெர்பாய் ஆரஞ்சு நிறத் துடுப்பு முள் விறைத்தபடி செத்துக் கிடந்தன. ஐந்தாவது மறுநாள் போயிற்று. பிக்மியஸ் பத்தில் ஏழு செத்துப்போயின.

உயிரோடு வந்த எட்டு 'ஜூலி'களையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அசல் ஜூலியின் தலையில் கரும்புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், கோலம் தொடங்குமுன் வைத்த புள்ளிகள் போலத் தனித்தனியாக நிற்கும். ஜூலியைப் போலவே தோன்றும் டிரைலினியேட்டஸ் என்ற வேறோர் இனத்தின் தலையிலோ அவை நெளிகோடுகளாக இணைந்து சிக்குக் கோலமாக ஓடும். வந்த எட்டும் சிக்குக் கோலம். பெரு நாட்டுப் பக்கத்து டிரைலினியேட்டஸ் எங்கும் கிடைக்கிற மீன். வட பிரேசிலின் ஜூலி அரிது. போதாக்குறைக்கு எட்டில் ஐந்திற்கு மீசை அடியோடு தேய்ந்திருந்தது. அது பயணத்தில் நேர்வதன்று. அழுக்குப் படிந்த தொட்டியில் பல வாரம் கிடந்ததன் அடையாளம்.

படமெடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். "தண்ணியில விடுங்க அண்ணா, எல்லாம் சரியாயிடும்" என்பது முதல் பதில். மீன் வளர வளரக் கோடுகள் உடைந்து புள்ளியாகும் என்பது இரண்டாவது, ஆகாது. டர்பன் தண்ணீர்தான் காரணம் என்பது மூன்றாவது. தண்ணீருக்கும் தலையில் இருக்கும் கோட்டுக்கும் என்ன உறவு என்று கேட்டபோதுதான் தமிழ் நின்றுபோய் ஆங்கிலம் தொடங்கியது. 2024இல் விஞ்ஞானிகள் கோரிடோராஸ் பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டார்கள், ஆகவே என் புகாருக்கு அடிப்படையே இல்லை என்று எழுதினார். மாற்றியது உண்மை, பழைய பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரித்தார்கள். ஜூலியும் டிரைலினியேட்டஸும் ஹோப்லிசோமா என்ற பேரினத்திற்குள் போயின, ஆனால் இன்றும் இரண்டும் தனித்தனி இனங்கள்தாம். இதை எழுதியதும், பெட்டி வந்த ஒரு மணி நேரத்திற்குள் திறப்பதைக் காணொளியாக எடுத்து அனுப்பியிருந்தால் மட்டுமே இழப்பீடு என்றார். அப்படியொரு நிபந்தனையைப் பணம் வாங்கும்போது அவர் வாய் திறந்து சொல்லவில்லை.

கூரியர் நிறுவனமோ உயிருள்ளவற்றிற்குக் காப்பீடு இல்லை என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைச் சுட்டி மறுபடி விற்றவருக்கு எழுதினேன். தாம் கடைக்காரர் அல்லர், பொழுதுபோக்காக மீன் வளர்ப்பவர் என்று பதில் வந்தது. அத்துடன் என் எண்ணைத் தடுத்துவிட்டார். வாரத்திற்கு நான்கு விளம்பரம் போடுகிற பொழுதுபோக்கு! 5,590 ராண்டில் ஐந்து சென்ட்கூடத் திரும்பவில்லை.

மூன்று இனங்களை ஒன்றாக வைக்கும் முறையை விரிவாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கு மனம் இல்லை. ஒவ்வோர் இனத்திலும் ஆறுக்குக் குறையாமல் வாங்குங்கள். ஜூலி என்றால் தலையை மேலிருந்து எடுத்த படம், பக்கத்தில் தேதி எழுதிய காகிதத்துடன், பணத்திற்கு முன்பே கேளுங்கள். முழுப் பணத்தை வங்கியில் முன்கூட்டிப் போடாதீர்கள். திங்கள், செவ்வாய் தவிர வேறு நாளில் அனுப்பச் சம்மதிக்காதீர்கள். யார் வணக்கம் சொன்னாலும் சரி.

இருபத்து நான்கில் இப்போது பத்து மிஞ்சியிருக்கின்றன: வந்த எட்டு டிரைலினியேட்டஸில் ஆறு, பிக்மியஸ் மூன்று, ஸ்டெர்பாய் ஒன்று. அந்த ஒற்றை ஸ்டெர்பாய் தன் இனம் இல்லாமல், டிரைலினியேட்டஸ் கூட்டத்தின் பின்னாலேயே நாள் முழுக்க அலைகிறது. இன்று காலை மனைவியின் தொலைபேசியில் அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். அதே படம், அதே 'அசல் ஜூலி', விலை 350 ராண்ட்.