ஒன்றரை லட்சத்துக்கு ஸ்மார்ட்வாட்ச் வாங்கலாமா? அத்தான் கையும் என் கையும்

எங்க அத்தான் ஷார்ஜாவுல இருக்காவ. போன லீவுக்கு பாளையங்கோட்டை வந்தப்போ கையில ஒரு வாட்ச், பாலிஷ் பண்ண ஸ்டீல் பாடி, தோல் ஸ்ட்ராப், பெரிய வாட்ச் கம்பெனி போட்ட ஸ்மார்ட்வாட்ச், நாலு வருஷத்துக்கு முன்ன நம்ம காசுக்கு ஒன்றரை லட்சம் கொடுத்து வாங்குனது. என் கையில இருபத்தஞ்சாயிரம் ரூவா சாதா ஸ்மார்ட்வாட்ச். காலையில ரெண்டு பேரும் வ.உ.சி மைதானத்துக்கு நடக்கப் போவோம், முடிச்சுட்டு ரெண்டு கையையும் பக்கத்துல வச்சுப் பாப்போம். நடந்த காலடி கணக்கு, நாடித்துடிப்பு எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுபோலதான் இருக்கும். ஆனா மத்தியானம் மூணு மணி ஆச்சுன்னா அத்தான் வாட்ச்ல சார்ஜ் காலி. பேட்டரி மாத்தக் கொண்டு போனா, அந்த மாடலுக்கு இப்போ பேட்டரி வாரதில்ல, புது மாடல் எடுத்துக்கோங்கன்னு சொல்லி அனுப்பிட்டாவளாம். அந்த ஸ்டீல்ல இன்னும் ஒரு கீறல் கிடையாது தெரியுமா, அதைப் பாக்கத்தான் எனக்கு வயிறெரிஞ்சுது.

இப்போ அத்தான் போன்ல கேக்காவ, "மாப்ளே, அடுத்ததும் இதே மாதிரி எடுக்கவா, இல்ல உன்ன மாதிரி ஒண்ணு போதுமா?"ன்னு. போன்ல சொல்லி முடியாதுன்னுதான் உக்காந்து எழுதுதேன், இதே யோசனையில இருக்கவங்களுக்கும் ஆவும்.

மொதல்ல உள்ள என்ன இருக்குன்னு பாத்துருவோம். டாக் ஹோயர்னு ஒரு சுவிட்சர்லாந்து வாட்ச் கம்பெனி, 2022ல கனெக்டட் கேலிபர் இ4ன்னு ஒரு ஸ்மார்ட்வாட்ச் விட்டாங்க, ஆரம்ப விலை 1,800 டாலர், அன்னைக்கு கணக்குக்கே ஒரு லட்சத்து முப்பதாயிரத்தைத் தாண்டும். அதுக்குள்ள ஓடுற சிப் ஸ்னாப்டிராகன் வேர் 4100 பிளஸ். அதே சிப் 2021ல வந்த ஃபாசில் ஜென் 6லயும் இருக்கு, அது 299 டாலர்தான். ரெண்டும் ஓடுறது வாட்ச்சுக்குன்னு கூகுள் செஞ்ச வேர் ஓஎஸ்ங்கிற மென்பொருள்லதான். அப்போ அந்த 1,500 டாலர் வித்தியாசம் எங்க போச்சுன்னா கண்ணாடிக்கு, பாடிக்கு, டயல்ல வர்ற டிசைனுக்கு, பேருக்கு. மூளைக்கு பைசா போகல. ஹூப்லோன்னு இன்னொரு சுவிஸ் கம்பெனி 2020ல பிக் பேங் இ-ன்னு 5,200 டாலருக்கு விட்டாங்களே, அதுக்குள்ள இருந்த ஸ்னாப்டிராகன் வேர் 3100 சிப் 2018லயே வந்தது. ஆப்பிள் வாட்ச்ல எர்மெஸ் மாடலும் அப்படித்தான், ஸ்ட்ராப்பும் டயல் டிசைனும்தான் தனி, உள்ள இருக்கது சாதா ஆப்பிள் வாட்ச்.

எனக்கு இதுல மறக்கவே முடியாத உதாரணம் 2015ல வந்த தங்க ஆப்பிள் வாட்ச். 18 கேரட் தங்கம், 10,000 டாலர்ல ஆரம்பிச்சு 17,000 டாலர் வரைக்கும் போச்சு. அதே வருஷம் அலுமினியத்துல 349 டாலருக்கு ஒண்ணு இருந்துச்சு, ரெண்டுக்கும் உள்ள ஒரே சிப். 2018ல ஆப்பிள் வாட்ச்சுக்கான புது மென்பொருள் வாட்ச்ஓஎஸ் 5 வந்தப்போ ரெண்டுக்குமே அப்டேட் கிடையாதுன்னுட்டாங்க. 349 கொடுத்தவனுக்கும் 17,000 கொடுத்தவனுக்கும் ஒரே நாள்ல கதவைச் சாத்தியாச்சு. நம்ம ஊர்ல ஒரு பவுன் சங்கிலி வாங்குனா பேத்தி கழுத்து வரைக்கும் போகும், இங்க தங்கத்துக்குள்ள மூணு நாலு வருஷ ஆயுசு உள்ள சாமானை வச்சுப் பூட்டி வித்துருக்காங்க, இதை நான் எப்படி நல்லதுன்னு சொல்லுவேன்.

சரி, வெளிப்பாடியில காசுக்கு மதிப்பே இல்லையான்னா இருக்கு, அதையும் ஒழுங்கா சொல்லணும். ஆத்து மணல்ல பெரும்பகுதி குவார்ட்ஸ், அதோட கடினம் மோஸ் அளவுகோல்ல (எது எதைக் கீறும்னு சொல்லுற 1 முதல் 10 வரை உள்ள கணக்கு) 7. சாதா கண்ணாடி ஆறுக்குள்ள. குறுக்குத்துறையில குளிச்சுட்டு ஈரக்கையோட மணல்ல ஊணி எந்திரிச்சா போதும், கோடு விழுந்துரும், என் வாட்ச்ல ஓரமா ரெண்டு கோடு கிடக்கு. விலை கூடுன வாட்ச்ல போடுற சஃபையர் கண்ணாடிக்கு 9, மணலுக்கு அசையாது. டைட்டானியம்னா கையில கனமே தெரியாது, வேர்வைக்குத் துருவும் பிடிக்காது. ஆனா தண்ணி விஷயத்துல ஏமாந்துராதீங்க. 50 மீட்டர்னு போட்டிருக்கது அசையாத தண்ணியோட அழுத்தத்துக்கு உள்ள கணக்கு. டாக் ஹோயரும் 50 மீட்டர்தான், முப்பதாயிரம் ரூவா வாட்சும் 50 மீட்டர்தான், குத்தாலத்துல மெயின் அருவிக்கு அடியில தலையைக் கொடுக்கும்போது ரெண்டையும் கழட்டி கரையில இருக்கவங்க கையில கொடுத்துட்டுத்தான் போகணும். சோப்பும் எண்ணெயும் உள்ள இருக்க ரப்பர் வளையத்தை நாள்பட நைய வச்சுரும், அதுக்கு விலை கூடுனது குறைஞ்சதுங்கிற பேதம் கிடையாது.

உடம்பைக் கவனிக்கத்தான் வாங்குதேன்னு அத்தான் சொன்னாவ. அவுகளுக்கு பிரஷர் உண்டு, அதனால இதை அழுத்திச் சொல்லுதேன். நான் சொன்ன டாக் ஹோயர் இ4ல ஈசிஜியே கிடையாது. ஆப்பிள்ல 2018ல சீரிஸ் 4ல வந்துட்டு, இந்தியாவுல 2019ல இருந்து வேலை செய்யுது (விலை குறைஞ்ச எஸ்இ மாடல்ல கிடையாது, வாங்கும்போது பாத்துக்கோங்க). அப்படியே இருந்தாலும் அது இதயத்தை ஒரே ஒரு கோணத்துல மட்டும் பாக்கிற ஒத்தை லீட் ஈசிஜிதான், இதயம் தாறுமாறா துடிக்கிற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைக் காட்டும், மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. நெஞ்சு வலிக்கும்போது வாட்சைப் பாத்துக்கிட்டு இருக்கக்கூடாது அத்தான், ஆட்டோவைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போவணும்.

விலை கூடுனதுல வேலைக்கு ஏத்த காசுன்னு நான் ஒத்துக்கிடுறது ரெண்டு. 2022ல 89,900 ரூவாய்க்கு வந்த ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா, 36 மணி நேரம் சார்ஜ் நிக்கும், ரெண்டு அலைவரிசை ஜிபிஎஸ், அக்னி நட்சத்திர வெயில்லயும் கண்ணைச் சுருக்காம படிக்கலாம். இன்னொண்ணு கார்மின் ஃபெனிக்ஸ் 7எக்ஸ் சோலார், வெயில் சார்ஜைச் சேர்க்காமலே 28 நாள் வரை தாங்கும்னு கம்பெனிக் கணக்கு. மராத்தான் ஓடுறவன், மலையேறுறவன் வாங்கட்டும், அங்க காசு பேட்டரிக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் போகுது. வ.உ.சி மைதானத்துல ஆறு ரவுண்டு நடக்க எதுக்கு?

இனி பேட்டரி இல்லாம, உள்ள இருக்க சக்கரத்துல ஓடுற மெக்கானிக்கல் வாட்ச், நம்ம சாவி கொடுக்கிற வாட்ச் மாதிரி. டாக் ஹோயரே 2015ல மொத கனெக்டடை 1,500 டாலருக்கு வித்தப்போ, ரெண்டு வருஷ வாரண்டி முடிஞ்சதும் அதைத் திருப்பிக் கொடுத்து இன்னொரு 1,500 டாலர் கட்டுனா மெக்கானிக்கல் வாட்ச் ஒண்ணு தருவோம்னு அறிவிச்சாங்க. எது நிலைக்கும் எது நிலைக்காதுன்னு செய்தவனுக்கே தெரிஞ்சிருக்கு.

எங்க அப்பா கையில கிடக்கிறது எச்எம்டி ஜனதா, சக்கரம் தேயாம இருக்க உள்ள 17 கல்லு வச்ச சாவி வாட்ச், வேலைக்குச் சேர்ந்த வருஷம் வாங்குனது. எச்எம்டி வாட்ச் பிரிவையே 2016ல மூடிட்டாங்க. போன மாசம் அது நின்னு போச்சுன்னு டவுன்ல ரத வீதிப் பக்கம் ஒரு சின்னக் கடைக்குக் கொண்டு போனேன். அண்ணாச்சி கண்ணுல லென்ஸை இடுக்கிக்கிட்டு பின்மூடியைத் திறந்தாவ, பழைய எண்ணெய் காஞ்சு பிசினா கிடந்துச்சு, ஒவ்வொரு சக்கரமா கழட்டி பெட்ரோல்ல அலசி, ஊசிமுனையில எண்ணெய் தொட்டு வச்சு, திருப்பி மாட்டி சாவி கொடுத்து என் காதுல வச்சாவ. டிக் டிக்குன்னு ஓட ஆரம்பிச்சுட்டு. எழுநூறு ரூவா. ஒரு நாளைக்கு சில செகண்ட் முன்னப்பின்ன ஓடும், அதை அப்பா ராத்திரி சாவி கொடுக்கும்போது சரி பண்ணிக்கிடுவாவ.

அதனால அத்தான், உங்க ஒன்றரை லட்சத்தை ரெண்டா உடைங்க. ஈசிஜி உள்ள சாதா ஸ்மார்ட்வாட்ச் ஒண்ணு எடுங்க, நாலு வருஷத்துல பேட்டரி போனா மாத்துங்க, மாத்த முடியலன்னா போவட்டும், மனசு நோகாது. மிச்சக் காசுக்கு நல்ல சாவி வாட்ச் ஒண்ணு எடுத்து விசேஷத்துக்கு மட்டும் கட்டுங்க. பழைய வாட்சை மட்டும் யாருக்கும் கொடுத்துராதீங்க, அடுத்த லீவுக்கு வரும்போது எடுத்துட்டு வாங்க, அந்த பேட்டரி அளவுக்கு வேற எதாச்சும் பொருந்துமான்னு அண்ணாச்சிகிட்ட கேட்டுப் பாப்போம்.