கூத்தின் பிசகும் அலுவலகத்தின் குறையும்: எழுதும் முறை இரண்டு

தருமபுரிப் பக்கம் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தைப் பற்றி எழுதும் நிருபர் ‘சுமாராக இருந்தது’ என்று முடித்தால் யாருக்கும் பயனில்லை. எந்தக் காட்சி, எத்தனை மணி, பிசகியது பாட்டா, அடவா (ஆட்ட அசைவா), தாளமா என்று எழுத வேண்டும். அதிகாலை நான்கு மணிக்குத் துரியோதனன் வேடக்காரரின் குரல் கம்முவது இரவெல்லாம் பாடிய உழைப்பின் தடம். மிருதங்கம் பாட்டை முந்தி ஓடுவது ஒத்திகைக் குறை. அரைமணி நேரம் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவருக்கு இந்த வேறுபாடு பிடிபடாது. அவர் எழுதாமலே இருக்கலாம்.

கிருஷ்ணகிரி வட்டாரத்தில், இறந்த வீரர் நினைவாக நட்ட நடுகற்கள் நிறைய. அரசுக் காட்சிக்கூடம் ஒன்றில் நடுகல்லுக்கு விளக்கப் பலகை இல்லை என்று வைத்துக்கொள்வோம். அங்கே ரசனைக்கு வேலையில்லை, ஆவணம் வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன்படி 10 ரூபாய் கட்டணத்துடன் மனுக் கொடுத்தால் 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ‘ஏன் பலகை இல்லை?’ என்று கேட்டால் எளிதில் தட்டிக்கழிப்பார்கள். ஒதுக்கிய தொகை, செலவான தொகை, பதிவேட்டு நகல் என்று ஆண்டைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். பொறுப்பாளரின் விளக்கமும் அதே செய்தியில் வரட்டும்.