மவுண்ட் கட்டரும் அரைக் கட்டமும்

"அக்கா, நீங்க வச்சிருக்கிற அதே மவுண்ட் கட்டர் விலை இறங்கியிருக்கு. வாங்கிடவா?"

கேட்டவள் கிராஸ் ஸ்டிட்ச் (துணியின் கட்டங்களை எண்ணிப் பெருக்கல்குறியாகப் போடும் தையல்) துணிகளுக்கு ஃபிரேம் போட்டுக் கொடுக்கும் வேலையில் புதிதாக இறங்குகிறாள். 'வாங்கு' என்றோ 'வேண்டாம்' என்றோ ஒரு வார்த்தையில் முடிக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் இந்த நீளமான பதில். இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களும் படித்துக்கொள்ளலாம்.

மவுண்ட் என்றால் ஃபிரேமுக்குள் படத்தைச் சுற்றி வரும், நடுவில் திறப்பு வெட்டிய அட்டை. அதை வெட்டும் இந்தக் கருவி மேசைமேல் வைக்கும் ரகம், 45 டிகிரி சாய்வுக்குப் பிளேடு பொருத்திய ஒரு தலை, நேர் வெட்டுக்கு ஒரு தலை, மேலும் கீழும் ஒவ்வொரு அளவுகோல். இதெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது, நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. என் ஸ்டுடியோவில் சில வருடங்களாக ஓடுகிற கருவி இது. போன மாதம்தான் அதன் திருகுகளையும் வாஷர்களையும் மாற்றினேன். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் விட்டுப்போகும். சாய்வு வெட்டு அருமை. மவுண்ட் போர்டைக் குப்புறப் போட்டு, பின்பக்கத்திலிருந்து பிளேடை இறக்கி இழுக்கிறோம். பிளேடு உள்ளே நுழையும்போது போர்டு எதிர்த்துத் தள்ளும், பிளேடு துளி வளையும், வெட்டின் தொடக்கத்தில் ஒரு சின்ன வளைவு விழுந்துவிடும். முன்பக்கம் திருப்பினால் மூலையில் கொக்கி போட்டதுபோல் தெரியும். பல கட்டர்களில் இதோடு போராடியே பாதி நாள் போய்விடும். இதில் அந்தத் தொல்லை இல்லை. பிளேடின் நீளத்தை, அடியில் போடும் கழிவு அட்டையில் லேசாகக் கீறல் விழும் அளவுக்கு மட்டும் வைத்துவிட்டால் போதும், தொடக்கமும் முடிவும் ஒரே நேர்கோடு. அதற்கு மேல் இறக்கினால் எந்தக் கருவியும் கொக்கி போடும், அதை இதன் தலையில் சுமத்த முடியாது.

வெட்டிய சாய்வில் போர்டின் வெள்ளை உள்பக்கம் ஒரே அகலத்தில் நாலு பக்கமும் ஓடி, மூலையில் கூர்மையாகச் சந்திக்கும். நிறைய வண்ணம் தைத்த துணியைச் சுற்றி அந்த மெல்லிய வெள்ளைக்கோடு வரும்போது தையல் எப்படி எடுத்துக்கொடுக்கிறது என்று இன்றும் ஒரு நிமிடம் நின்று பார்ப்பேன். கறுப்பு நூல், அதாவது டிஎம்சி கம்பெனி நூலில் 310-ஆம் எண், ஓரம் வரை ஓடும் டிசைன் என்றால் கேட்கவே வேண்டாம்.

நேர் வெட்டுத் தலையும் குறை சொல்ல முடியாதது. துணியைப் பொருத்தும் ஃபோம் போர்டை (நடுவில் நுரை உள்ள அட்டை) அதில்தான் வெட்டுகிறேன். ஓரம் நொறுங்காமல் வரும். ஓரம் நொறுங்கிய ஃபோம் போர்டில் குண்டூசி நிற்காது என்பதால் எங்கள் வேலையில் இது பெரிய விஷயம்.

சரி, இப்போது கைடு பட்டைக்கு வருகிறேன்.

மவுண்டின் ஓரம் எவ்வளவு அகலம் என்பதை முடிவு செய்வது இந்தப் பட்டைதான். இரண்டு முனையிலும் அளவுகோல், இரண்டு முனையிலும் திருகு. 60 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் 60-இல் வைத்து இறுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் இந்தக் கருவியில் மேல்முனைத் திருகை இறுக்கினால் கீழ்முனை அரை மில்லிமீட்டர் நகரும். கீழ்முனையைச் சரிசெய்து இறுக்கினால் மேல்முனை 'நானும் இருக்கிறேன்' என்று அசையும். இரண்டு அளவுகோலும் 60 என்றே காட்டும். ஸ்டீல் ஸ்கேலை வைத்து அளந்தால் ஒரு முனை 60, இன்னொரு முனை 60.5, சில நாள் அதற்கும் மேல்.

அரை மில்லிமீட்டருக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பீர்கள். புகைப்படத்துக்கு மவுண்ட் வெட்டுகிறவர் என்றால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். ஓவியத்தின் ஓரத்தில் அரை மில்லிமீட்டர் சாய்ந்தால் தச்சர் கண்ணுக்குக்கூடத் தெரியாது. கிராஸ் ஸ்டிட்ச் அப்படியில்லை, அந்தத் துணியே ஓர் அளவுகோல். 14 கவுண்ட் ஐடா துணியில் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம், ஒரு கட்டம் 1.8 மில்லிமீட்டர். 18 கவுண்ட் என்றால் 1.4 மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் ஒரு ஓட்டை. மவுண்டின் ஓரம் அந்த ஓட்டை வரிசையை ஒட்டிப் போக வேண்டும். ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தால் இடது மூலையில் ஓட்டை வரிசையிலேயே தொடங்கும் ஓரம், வலது மூலைக்குப் போவதற்குள் அரைக் கட்டத்துக்கு மேல் தின்றிருக்கும். இதைப் பார்க்க எந்தப் பயிற்சியும் வேண்டாம். குழந்தைகூடக் காட்டிக்கொடுத்துவிடும்.

தையலைச் சுற்றி நாலு பக்கமும் ஐந்து வெற்றுக் கட்டம் விட்டு மவுண்ட் திறப்பு வைப்பது என் வழக்கம். 14 கவுண்டில் அது 9 மில்லிமீட்டர். வெட்டி முடித்ததும் மூலைக்கு மூலை எண்ணிப் பார்ப்பேன். மேலே இடது பக்கம் ஐந்து, மேலே வலது பக்கம் ஐந்து, கீழே இடது பக்கம் ஐந்து, கீழே வலது பக்கம் நாலரை. அந்த நாலரை வந்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறும். ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கும் இரட்டை மவுண்ட் என்றால் இன்னும் மோசம். உள் மவுண்ட் 6 மில்லிமீட்டர்தான் வெளியே தெரியும். அதில் அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் ஆப்பு வடிவம் பளிச்சென்று தெரிந்துவிடும்.

ஒரு வாடிக்கையாளர் கண்ணாடி போடும் முன் பார்க்க வந்திருந்தார். பல மாதம் உட்கார்ந்து தைத்த துணி. மவுண்டைச் சும்மா மேலே வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். கீழ் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே, "எங்கேயோ எண்ணிக்கையில தப்பு பண்ணிட்டேனா? சாஞ்ச மாதிரி தெரியுதே" என்றார். கட்டர் செய்த கோணலுக்கு அவர் தன் கணக்கைச் சந்தேகப்பட்டார். மவுண்ட்தான் சரியில்லை, வேறு வெட்டுகிறேன் என்று சொல்லி, துணியிலேயே கட்டங்களை எண்ணிக் காட்டிய பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. இந்தக் கருவிமேல் எனக்கு இருக்கும் தீராத கோபம் அன்று தொடங்கியதுதான்.

எழுதிக் கேட்டதற்குத் தயாரிப்பாளர் தரப்பிலிருந்து வந்த பதில்: இந்த வித்தியாசம் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள்தான் இருக்கிறது. அவர்கள் எல்லை யாருக்காகப் போட்டது என்று எனக்குப் புரிகிறது. எங்களுக்காகப் போட்டதில்லை.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாக் கோணலும் கட்டரின் வேலை இல்லை. துணியே கோணலாக வரும். 140 கட்டம் அகலம், 168 கட்டம் உயரம் உள்ள டிசைன் 14 கவுண்டில் கணக்குப்படி 10 அங்குலத்துக்கு 12 அங்குலம். நிஜத்தில் அப்படி வருவது அபூர்வம். நெசவில் பாவுக்கும் ஊடைக்கும் எண்ணிக்கை துளி மாறும். அலசினால் கொஞ்சம் சுருங்கும். வளையத்தில் இறுக்கித் தைத்தது ஒரு பக்கம் இழுத்திருக்கும். அதனால் கால்குலேட்டரில் வரும் அளவுக்கு மவுண்ட் வெட்டவே கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, தடித்த துண்டின்மேல் தையலைக் குப்புறப் போட்டுத் தேய்த்து (நிமிர்த்திப் போட்டுத் தேய்த்தால் தையல் சப்பையாகிவிடும்), ஆசிட் இல்லாத ஃபோம் போர்டில் பொருத்திய பிறகு அளப்பதுதான் அளவு.

பொருத்துவதிலும் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு பக்கமும் நடுவில் துருப்பிடிக்காத குண்டூசி ஒன்று, அங்கிருந்து இரண்டு மூலைக்கும். ஒரே ஓட்டை வரிசை போர்டின் விளிம்பிலேயே ஓட வேண்டும். வரிசை வளைந்தால் ஊசியைப் பிடுங்கித் திரும்பக் குத்த வேண்டியதுதான். அப்புறம் பின்பக்கம் வலுவான நூலால் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டுவது. பசை தடவிய போர்டில் ஒட்டினால் ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அந்தப் பசை வருடங்கள் போகப் போக மஞ்சளாகித் துணியில் ஏறும், பிரித்தெடுக்கவும் முடியாது. யார் கேட்டாலும் நான் செய்து கொடுப்பதில்லை.

இத்தனையும் முடித்து, ஓட்டை வரிசை நூல் பிடித்தாற்போல் நேராக நிற்கும் துணியை மேசையில் வைத்துவிட்டு, கட்டர் பக்கம் திரும்பினால் அங்கே அந்தப் பட்டை. கோபம் வருமா வராதா?

ரிப்பேர் விஷயம். திருகுகளுக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் வாஷர்கள் நசுங்கி, இறுக்கும்போது பட்டையையும் கூடவே சுழற்றின என்பதுதான் கண்டுபிடிப்பு. அவற்றை எடுத்துவிட்டுப் பித்தளை வாஷர் போட்டோம். கொஞ்சம் தேறியிருக்கிறது. முழுக்கத் தீரவில்லை, ஏனென்றால் பட்டை ஓடும் பள்ளத்திலேயே ஆட்டம் இருக்கிறது. பள்ளத்தை மாற்ற முடியாது.

நிஜமாகவே கைகொடுத்தது வேறு. அக்ரிலிக்கில் ஒரே அகலமாக வெட்டிய கட்டைகளை ஜோடி ஜோடியாகச் செய்து வைத்திருக்கிறேன். 50, 60, 75 மில்லிமீட்டர். ஒரே அகலம் வேண்டுமென்றால் இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே வீச்சில் வெட்டச் சொல்லுங்கள். ஜோடிக்குள் வித்தியாசம் இருந்தால் எல்லாம் வீண். தலை ஓடும் வெட்டு ரெயிலுக்கும் கைடு பட்டைக்கும் நடுவில் மேல்முனையில் ஒன்று, கீழ்முனையில் ஒன்று வைத்து, பட்டையை அவற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, திருகுகளை மாற்றி மாற்றிக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்க வேண்டும். அளவுகோலைப் பார்க்கவே வேண்டாம். என் கட்டரில் அதன்மேல் டேப் ஒட்டி மறைத்துவிட்டேன். எண் 60 என்று காட்டுகிறதா 61 என்று காட்டுகிறதா என்பது முக்கியமே இல்லை, இரண்டு முனையும் ஒன்றாக இருந்தால் போதும். இப்படி இறுக்கிய பட்டையில் மூலைக்கு மூலை ஐந்து ஐந்தாக வருகிறது. அப்படி வரும் நாளில் இதைவிட நல்ல கட்டர் உலகத்திலேயே இல்லை என்று தோன்றும், அதையும் மறைப்பானேன்.

வெட்டும் தலையைக் குறித்த இடத்தில் நிறுத்தும் ஓடுதல் நிறுத்தி பற்றிச் சிலர் குறை சொல்வார்கள், பத்து மவுண்ட் வெட்டுவதற்குள் நகர்ந்து மூலையில் கூடுதல் கீறல் விழுகிறது என்று. இருக்கலாம். ஒரே அளவில் பத்து மவுண்ட் வெட்டும் வேலை எனக்கு வருவதில்லை. ஒவ்வொரு துணியும் ஒவ்வோர் அளவு. நிறுத்தியைக் கழற்றி வைத்துவிட்டு, போர்டின் பின்பக்கம் பென்சில் கோடு போட்டுத்தான் நிறுத்துகிறேன். மூலையில் இழை விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காமல், முன்பக்கமிருந்து பழைய பிளேடை அதே சாய்வில் நுழைத்து விடுவித்தால் போதும்.

மணியும் முடிச்சுத் தையலும் உள்ள துணிகளுக்கு இந்த ஒற்றை மவுண்டின் கனம் போதாது. கண்ணாடி மணியில் இடிக்கும். தடித்த போர்டைக் கொடுத்துப் பார்த்தேன், தலை திணறுகிறது. அதனால் கண்ணாடிக்கும் மவுண்டுக்கும் நடுவில் ஃபிரேமின் உள்விளிம்பில் ஸ்பேசர் என்ற இடைவெளிப் பட்டை கொடுத்துவிடுகிறேன். இதைக் குறையாக எழுதவில்லை, தகவலுக்காக. கண்ணாடி பற்றியும் ஒரு வரி: சொரசொரப்பான பளபளப்பில்லாக் கண்ணாடி துணியிலிருந்து தள்ளி நிற்க நிற்க மங்கும். ஸ்பேசர் போட்டால் தையலின் பெருக்கல்குறியே கலங்கித் தெரியும். கண் கூசாமல் இருக்க வேண்டுமென்றால் பூச்சுப் பூசிய கண்ணாடிதான்.

இனி தோழிக்குப் பதில். சாய்வு வெட்டுக்கு முழு மதிப்பெண், நேர் வெட்டுக்கு முழு மதிப்பெண், பிளேடு மாற்றுவது சுலபம், இத்தனை வருடத்தில் ரெயில் ஒரு நூல்கூட வளையவில்லை. கூட்டிப் பார்த்தால் வாங்கு என்றுதான் வருகிறது. ஆனாலும் வாங்காதே. விலை இறங்கியிருப்பது அந்தப் பள்ளத்தைச் சரிசெய்ததால் இல்லை. புகைப்படம், ஓவியம், சான்றிதழ் என்று ஃபிரேம் போடப்போகிறாய் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு. கிராஸ் ஸ்டிட்ச் என்றால் இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து, இரண்டு முனையும் ஒரே திருகில் சேர்ந்து நகரும் ரகம் எதையாவது நேரில் போய்ப் பார். போகும்போது பாக்கெட்டில் ஒரு துண்டு 18 கவுண்ட் துணி எடுத்துப் போ. வெட்டிக் காட்டச் சொல்லி, ஓட்டை வரிசையில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் காசை எடு.

என்னுடையதைப் பழைய சாமான் விலைக்குத் தருகிறீர்களா என்று அவள் கேட்டிருக்கிறாள். அக்ரிலிக் கட்டையெல்லாம் செய்து பழகிவிட்டேன், தருவதாக இல்லை.