வி.ஆர். கண்ணாடியா, ரப்பர் பட்டையா?

செங்கோட்டை முதியோர் இல்லத்தில் இருக்கும் பெரியம்மாவுக்குத் தொடைச்சதை கரைந்துகொண்டே வருகிறது. முதுமையில் தசை இப்படிக் குறைவதைச் சார்கோபீனியா என்கிறார்கள், நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் உடலியக்கம் குறைவு என்பது 2019 ஆசிய அளவுகோல்.

இதற்குப் பயிற்சி கொடுக்க எது நல்லது: கண்ணில் மாட்டினால் கற்பனை உலகத்தைக் காட்டும் வி.ஆர். கண்ணாடியா, இழுத்து இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டையா? வி.ஆர். சுவாரசியமானதுதான், பந்து பிடிக்கிற மும்முரத்தில் கை நூறு முறை ஆடினாலும் தெரியாது. ஆனால் தலையில் அரைக்கிலோ பாரம், சிலருக்குக் கிறுகிறுப்பு, சுற்றிலும் எதுவும் தெரியாததால் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும். அருவியைக் காட்டினால் பெரியம்மா "குற்றாலம் இங்கதானே இருக்கு" என்பார்!

அதைவிட முக்கியம், வெறுங்கையை வீசினால் தசைக்குப் பாரமே ஏறாது. பட்டையில் இழுவையைக் கூட்டிக்கொண்டே போகலாம், விலையும் மலிவு. சலிப்புதான் எதிரி, இரண்டு வாரத்தில் ஜன்னல் கம்பியில் தொங்கும்.

என் ஓட்டு பட்டைக்கே. கண்ணாடி ஞாயிற்றுக்கிழமைக்கு. அப்புறம், தசைக்குப் புரதம் வேண்டும், தட்டில் முட்டையோ பயறோ இல்லாவிட்டால் இரண்டிலுமே பலன் குறையும்.