தாரையும் தங்க முலாமும்: சைனாடவுன் சிலைக்கடை

சிங்கப்பூர் சைனாடவுன் மாரியம்மன் கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி, கடைவீட்டு மாடியில் இருக்கிறது இந்தக் கடை. சுவர் முழுக்க நேப்பாளத்துப் பாட்டன் நகரில் வார்த்த பௌத்தச் சிலைகள். பெரும்பாலும் புதியவை, புதியவை என்று சொல்லியே விற்கிறார்கள்.

நான் தேக்காவில் நகைப் பட்டறை வைத்திருப்பவன். முலாம்தான் முதலில் கண்ணில் படும். பொன்னைப் பாதரசத்தில் கரைத்துப் பசையாக்கி, செம்பின்மேல் தேய்த்து, அனலில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக ஓட்டும் பழைய முறை இங்கே தெரிகிறது. மின்முலாம் இந்த ஆழமான நிறத்தைத் தராது. ஈயம் கலந்த வெண்கலத்தில் இது சரியாகப் பிடிக்காது. பாட்டனின் நேவார் இனச் சிற்பிகள் ஏறக்குறையத் தனிச் செம்பிலேயே வார்ப்பது அதனால்தான். அந்தப் பாதரச ஆவி ஆளைக் கொல்லும் நஞ்சு. அதைச் செய்யும் கைகளை நினைத்தால் பேரம் பேச எனக்கு மனம் வருவதில்லை.

620 வெள்ளிக்குப் பௌத்தப் பெண்தெய்வமான பச்சைத் தாரையின் சிலை ஒன்று வாங்கினேன். எழுந்து உதவிக்கு வரத் தயாரானவள் என்பதால் வலக்கால் கீழிறங்கிச் சிறு தாமரைமேல் ஊன்றியிருக்கிறது. முகத்துக்கு மட்டும் திபெத்திய வழக்கப்படி பொன்பொடியைப் பசையில் குழைத்துப் பூசியிருக்கிறார்கள். பக்கத்திலிருந்த வெள்ளைத் தாரைக்கு உள்ளங்கை, உள்ளங்கால், நெற்றி எங்கும் கண்கள். அவளையும் விட்டுவர மனமில்லை. கடைக்கார அம்மையார் சிலையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கவும் விட்டார். பீடம் திறந்திருந்தது. வழிபாட்டுக்கு என்றால் உள்ளே மந்திரச் சுருள் வைத்து, இரட்டை வச்சிரம் (குறுக்காக அமைந்த வச்சிராயுதச் சின்னம்) பொறித்த செப்புத்தகட்டால் மூடிப் பிரதிஷ்டை செய்ய வேண்டும்.

பெயர் அட்டைகள்தான் பெருங்குறை. புத்தராகும் வழியில் இருக்கும் போதிசத்துவர்கள் இருவரின் சிலைகளுக்கும் ‘அவலோகிதேசுவரர்’ என்று எழுதியிருக்கிறது. மகுடத்தில் அமிதாப புத்தர் இருப்பவர்தான் அவலோகிதேசுவரர். மற்றவர் மகுடத்தில் சிறு தூபி (ஸ்தூபம்), அருகில் நீர்க்கெண்டி. அவர் வரப்போகும் புத்தரான மைத்ரேயர். எடுத்துச் சொன்னேன்; பிறகு போனபோதும் அட்டை மாறவில்லை. இவ்வளவு நல்ல சிலைக்கு இது அநியாயம்.

கண்ணாடிப் பேழையில் சீனாவின் மிங் அரசமரபுக் காலத்தது என்று ஒரு சிலை இருக்கிறது. 1403 முதல் 1424 வரையான, மிங் பேரரசர் யோங்லேயின் ஆட்சிக்காலத்து ஆறெழுத்துப் பொறிப்பு பீடத்தில் உள்ளது. பிற்கால நகல்களிலும் அதே பொறிப்பு உண்டு. எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆவணம் கேட்டேன், இல்லை. நம் கோயில் சிலைகள் களவுபோனதை அறிந்தவன் நான், அதைத் தொடவில்லை.

பகலில் போங்கள். பேழையின் மஞ்சள் விளக்கில் எல்லா முலாமும் பொன்னாகத் தெரியும். விளக்கை அணைக்கச் சொன்னால் அம்மையார் தயங்காமல் அணைக்கிறார்.