மஸ்கட் எந்தக் கிழமை?

திருச்சியில் இருக்கும் கல்லூரி நண்பன் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். துபாயிலிருந்து ஏழு இரவு கப்பல் பயணம். அபுதாபி, சர் பனி யாஸ் தீவு, கசப், மஸ்கட், திரும்பத் துபாய். பழைய விலையைக் குறுக்கே அடித்துவிட்டுப் பக்கத்தில் சிவப்பில் புது விலை. கீழே ஒரே வரி: "மாப்ள, நீ மூணு தடவ போயிருக்கியே, புக் பண்ணலாமா?"

நானும் ஒரு வரிதான் பதில் போட்டேன். "மஸ்கட் எந்தக் கிழமை வருதுன்னு பாரு."

அவனுக்குப் புரியவில்லை. விலையைக் கேட்டால் கிழமையைச் சொல்கிறானே, ஜாதகம் பார்க்கிறானா என்று நினைத்திருப்பான். அவனுக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். இது 2024 செப்டம்பர் நிலவரம்.

நான் ஷார்ஜாவாசி. 2019 ஜனவரி, 2023 பிப்ரவரி, 2024 ஜனவரி என வளைகுடாவில் மூன்று முறை கப்பல் ஏறியிருக்கிறேன். இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் கப்பல்கள், பெயர் வேண்டாம். எத்தனை மாடி, எத்தனை நீச்சல் குளம், எந்த மாடியில் பஃபே என்பதெல்லாம் அவர்களே படம் போட்டுச் சொல்கிறார்கள். நான் சொல்ல வந்தது ஒரு மசூதியைப் பற்றி. மூன்று முறை மஸ்கட் போயும் நான் உள்ளே போகாத மசூதி.

சுல்தான் காபூஸ் பெரிய மசூதி 2001-இல் திறக்கப்பட்டது. தொழுகைக் கூடத்தில் விரித்திருக்கும் கம்பளம் ஒரே துண்டு, எடை 21 டன். ஈரானில் அறுநூறு பெண்கள் சேர்ந்து நாலு வருடம் நெய்தது. கூடத்தின் நடுவே 14 மீட்டர் உயரத்துக்கு ஒரு சரவிளக்கு. முஸ்லிம் அல்லாதவர்களும் உள்ளே போய்ப் பார்க்கலாம், ஆனால் காலை எட்டிலிருந்து பதினொன்று வரை மட்டும். வெள்ளிக்கிழமை கிடையாது. வழிபாட்டுத் தலம், அவர்கள் நேரம் அவர்களுக்கு. அதில் எனக்குக் கோபமே இல்லை. என் கோபமெல்லாம் கப்பலின் மேல்.

2019-இல் எனக்கு இந்த விதியே தெரியாது. கப்பல் மஸ்கட்டில் நின்றது வெள்ளிக்கிழமை. டாக்ஸிக்காரர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார். சரி, என் தப்பு. ஆனால் அப்போது ஒரு விஷயம் பிடிபட்டது. ஏழு இரவுக் கப்பல் வாராவாரம் அதே கிழமையில்தான் கிளம்பும். அந்த சீசனில் அந்தக் கப்பலுக்கு மஸ்கட் என்றால் வாராவாரம் வெள்ளிதான். அதாவது நவம்பரிலிருந்து மார்ச் வரை அதில் ஏறியவர்கள் யாரும் அந்தக் கம்பளத்தை மிதித்திருக்க முடியாது. ஆனால் விளம்பரப் படத்தில் மசூதியின் குவிமாடம்தான் முதலில் நிற்கிறது!

2023-இல் உஷாராகிவிட்டேன். கும்பகோணத்திலிருந்து அப்பாவையும் அம்மாவையும் வரவழைத்திருந்தேன். மஸ்கட் வியாழன், கசப் வெள்ளி என்று அட்டவணையைப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் பணம் கட்டினேன். அம்மாவிடம் கம்பளத்தின் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. புதன் இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேப்டன் மைக்கில் வந்தார். வெள்ளிக்கிழமை வடமேற்குக் காற்று பலமாக இருக்கும் என்பதால் கசப் வியாழனுக்கும் மஸ்கட் வெள்ளிக்கும் மாற்றப்படுகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம். இந்தக் காற்றுக்கு இங்கே ஷமால் என்று பெயர். குளிர்காலத்தில் இரண்டு மூன்று நாள் விடாமல் அடிக்கும், கடலைக் கிளப்பிவிடும். அவர் செய்தது சரிதான். துறைமுகங்களை மாற்றவும் விட்டுவிடவும் தங்களுக்கு உரிமை உண்டு என்று டிக்கெட் நிபந்தனைகளிலேயே எழுதியிருக்கிறார்கள். எல்லாம் சரி. வாயிலிருந்த குலாப் ஜாமூன்தான் இறங்கவில்லை.

2024 ஜனவரியில் நானும் மனைவியும் மகளும். மஸ்கட் திங்கள், காலை எட்டுக்குக் கரை சேரும். காற்றும் இல்லை. ஆனால் முந்தின நாள் அதிகாலையில் மூடுபனி. பாலைவனக் கரையில் பனியா என்று ஊரில் கேட்பார்கள். குளிர்காலத்து விடியற்காலையில் இந்தக் கடலோரத்தில் ஈரம் அப்படிக் கட்டி நிற்கும். துபாய் நெடுஞ்சாலையில் முன்னால் போகும் வண்டி தெரியாது. அதில் மாட்டிக்கொண்டு முந்தைய துறைமுகத்திலேயே தாமதமாகக் கிளம்பிய கப்பல், மஸ்கட்டில் கயிறு கட்டும்போது மணி பத்தேகால். துறைமுக வளாகத்துக்குள் நடக்க விடமாட்டார்கள், ஷட்டில் பஸ்ஸில்தான் வாசலுக்கு வர வேண்டும். அந்த வரிசை, அப்புறம் டாக்ஸி, அப்புறம் இருபது கிலோமீட்டர். மசூதி வாசலில் இறங்கும்போது பதினொன்று இருபது. வெளியிலிருந்து படம் எடுத்தோம். மகள் தலையில் சுற்றியிருந்த துப்பட்டாவை அவிழ்த்து மடித்துப் பையில் வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது நியாயமாகவும் கொஞ்சம் பேசிவிடுகிறேன், இல்லையென்றால் கசப் கோபித்துக்கொள்ளும்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். மூன்று பயணத்திலும் தித்தித்த ஒரே ஊர் கசப்தான். முசந்தம் முனையில் இருக்கிறது. ஓமானுக்குச் சொந்தம், ஆனால் ஓமானோடு ஒட்டாமல் நடுவில் அமீரகத்தை விட்டுவிட்டுத் தனியாகக் கிடக்கும் துண்டு நிலம். எதிர்க்கரை ஈரான், இடையே ஹோர்முஸ் நீரிணை. கப்பலிலிருந்து இறங்கிய இடத்திலேயே மரத்தால் கட்டிய தௌ படகுகள் காத்திருக்கும். தரையில் கம்பளமும் திண்டும் போட்டிருப்பார்கள், காலை நீட்டிச் சாய்ந்துகொள்ளலாம். சின்னக் கோப்பையில் ஏலக்காய் மணக்கும் கஹ்வா, தட்டில் பேரீச்சம்பழம். படகு கோர் ஷம் என்ற கடற்கழிக்குள் நுழைந்ததும் என் அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டு பக்கமும் புல் பூண்டு இல்லாத சுண்ணாம்புக்கல் மலை, அடுக்கடுக்காக, மடித்து வைத்த வேட்டிகளைப் போல. நடுவே அசையாத பச்சைத் தண்ணீர்.

நார்வேயின் கடற்கழிகள் மாதிரி என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அங்கே பனியாறு குடைந்தது, இங்கே கதை வேறு. அரேபியத் தட்டு வடக்கே முட்டிக்கொண்டு போவதில் இந்த முனையே கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்துகொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் மலைப் பள்ளத்தாக்காக இருந்ததில் இன்று கடல் நிற்கிறது, அவ்வளவுதான். கரையோரம் நதீஃபி, கனாஹா என்று சின்னச் சின்ன ஊர்கள். சாலை கிடையாது, குடிதண்ணீரும் படகில்தான் வருகிறது. படகோட்டி சீட்டி அடித்தார், மூன்று டால்பின்கள் படகோடு போட்டி போட்டுக்கொண்டு வந்தன. அம்மா கை தட்டி அவற்றைக் கூப்பிட்டாள், மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி, "பா, பா" என்று.

அப்புறம் டெலிகிராஃப் தீவு. தீவு என்பதே கொஞ்சம் அதிகம், ஒரு பாறைத் திட்டு. 1860களில் கராச்சியிலிருந்து பாரசீக வளைகுடா வழியாகக் கடலுக்கடியில் தந்திக் கம்பி இழுத்தபோது, செய்தியை வாங்கி அடுத்த பக்கம் தள்ள ஆங்கிலேயர்கள் இங்கே ஒரு நிலையம் வைத்தார்கள். இந்தியாவிலிருந்து லண்டனுக்குப் போன தந்தி இந்தப் பாறையைத் தொட்டுவிட்டுத்தான் போனது. சில வருடங்களிலேயே மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கோடையில் அங்கே உட்கார்ந்து தந்தி தட்டியவனை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அப்பா அஞ்சல் துறையில் வேலை பார்த்தவர். இடிந்து கிடந்த சுவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "ஸ்டாஃப் குவாட்டர்ஸ் எங்க இருந்திருக்கும்?" என்றார். அந்தக் கேள்விக்காக மட்டும் இன்னொரு முறை டிக்கெட் வாங்கலாம்.

மஸ்கட்டும் முழுக்க ஏமாற்றவில்லை. 2023 வெள்ளிக்கிழமை, முத்ரா சந்தையில் பாதிக் கடைகள் மூடியிருந்தன. வேறு வழியில்லாமல் பழைய மஸ்கட் பக்கம் போனோம். சுல்தானின் அலம் அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு சிவன் கோயில் இருக்கிறது. பழைய கோயில், 2018 பிப்ரவரியில் பிரதமர் மோடி வந்தபோது செய்தியில் அடிபட்டதே, அதுதான். அங்கே தண்ணீர் எடுத்து லிங்கத்துக்கு ஊற்றலாம் என்று தெரிந்ததும் அம்மா கம்பளத்தை மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை.

மற்ற ஊர்களைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை. சர் பனி யாஸில் கப்பல் நங்கூரம் போட்டுச் சின்னப் படகில் கரைக்கு அழைத்துப் போவார்கள், காற்றடித்தால் அதுவும் கிடையாது. போக முடிந்தால் ஓரிக்ஸ் மான்களையும் ஒட்டகச்சிவிங்கிகளையும் பார்க்கலாம். 2019-இல் தோஹா பட்டியலிலேயே இல்லை, கத்தார் மேல் அண்டை நாடுகள் போட்ட தடை அப்போது அமலில் இருந்தது. 2023-இல் வந்தது, துறைமுகத்திலிருந்து இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் கூப்பிடு தூரம்தான், அது நல்ல நாள். துபாயில் கடைசி இரவு கப்பலிலேயே தங்க வேண்டும். மேல்தளத்தில் நின்று என் ஆபீஸ் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கும் சேர்த்துத்தான் காசு.

நண்பன் கேட்டது விலை. மூன்று முறையும் டிக்கெட் மலிவுதான், அதில் பொய்யில்லை. ஆனால் ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் தானாகச் சேரும், கடைசி நாள் பில்லில்தான் கண்ணில் படும். போனை ஃப்ளைட் மோடில் போடாமல் விட்டால் நடுக்கடலில் கப்பலின் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் வீட்டுக்கு வரும் பில்லைப் பார்த்து அழ வேண்டும். ஊரிலிருந்து வருபவர்களுக்கு இன்னொன்று: கப்பல் ஓமானுக்குப் போய்விட்டுத் திரும்பினாலே அமீரகத்துக்குள் இரண்டாவது முறை நுழைகிற கணக்கு. ஒருமுறை நுழைவு விசா போதாது. பலமுறை நுழைவு விசா கையில் வந்தபிறகு பணம் கட்டு. மார்ச் மலிவாக இருந்தால் நாள்காட்டியைப் பார். 2025-இல் மார்ச் தொடக்கத்திலேயே ரமலான் வருகிறது, பகலில் கரையில் டீ கிடைப்பதே கஷ்டம். ஏப்ரலுக்கு மேல் நினைத்தே பார்க்காதே. செங்கடல் பக்கம் போய் ஜோர்டானின் பெட்ரா பார்க்கலாமா என்றும் அப்புறம் கேட்டான். 2023 நவம்பரிலிருந்து அங்கே கப்பல்கள் தாக்கப்படுகின்றன, அந்தப் பேச்சே இப்போது வேண்டாம்.

பால்கனி கேபின் தேவையில்லை. கப்பல் பெரும்பாலும் இரவில்தான் ஓடுகிறது. காலையில் கதவைத் திறந்தால் கைப்பிடியில் உப்பும் புழுதியும் குழைந்த ஒரு படலம். உள்ளே ஏசி மார்கழி மாதிரி, வெளியே ஈரக் காற்று. கண்ணாடி போட்டவர்களுக்கு முதல் ஐந்து நிமிடம் உலகமே தெரியாது. அம்மா ஏழு நாளும் ஸ்வெட்டரோடுதான் சாப்பிட வந்தாள். சாப்பாட்டில் குறையில்லை, தயிர் தினமும் இருந்தது.

இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு என் தீர்ப்பைச் சொன்னால் நண்பன் திட்டுவான். சொல்லிவிடுகிறேன்: புக் பண்ணாதே. ஷார்ஜாவிலிருந்து கசப் காரில் இரண்டரை மணி நேரம், கடலை ஒட்டியே மலையைக் குடைந்த சாலை. மஸ்கட் ஐந்து மணி நேரம். முதல் நாள் போய்த் தங்கி, காலை எட்டு மணிக்கு மசூதி வாசலில் முதல் ஆளாக நிற்கலாம். விடிவதற்குள் நாலு ஊர் தள்ளிப் போட்டுவிடுகிற இந்த மிதக்கும் ஓட்டலை நம்பி ஏறுகிறவனுக்குக் கிழமையும் சொந்தமில்லை, மணியும் சொந்தமில்லை. சரி, ஐந்து மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு நீ ஏன் இன்னும் காரில் போகவில்லை என்று கேட்டால், கேட்காதே.

2023-இல் திறந்திருந்த ஒரு கடையில் அந்த மசூதியின் படம் போட்ட காந்த வில்லை ஒன்றை அம்மா பேரம் பேசி வாங்கினாள். கும்பகோணம் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதைக் காட்டி, "உள்ள ஒரே கம்பளம், இருபத்தோரு டன்னு" என்று சொல்கிறாளாம். பார்த்தீங்களா மாமி என்று யாராவது கேட்டால், காபி கலக்கப் போய்விடுகிறாளாம்.